ஒரு வாய்க்கு ஒரு சீவாளி

நான் தவில்காரன், பெயர் ஆனந்தராசா. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். யாரையும் லேசில் மெச்சமாட்டேன். ஆனால் உப்புவெளிப் புஷ்பவதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் வாய் ஓயாது.

அவள் கணவர் பாக்கியரத்தினமும் நானும் கோயில் கோயிலாகச் சேர்ந்து வாசித்தவர்கள். அவருக்கு நாதஸ்வரம். அதன் முனையில் வைத்து ஊதும் சீவாளி எல்லாம் அவள் கைவேலை. கலியாணமான புதிதில், இந்தியாவிலிருந்து வரும் சீவாளி இந்தக் கடற்காற்றில் ஊறிப்போய்ப் பிசிறடிக்கிறது என்று அவர் எரிந்து விழ, "அப்ப நான் செய்யிறன்" என்று கத்தியைத் தூக்கியவள். குறிஞ்சாக்கேணிப் பக்கம் நீர்க்கரையில் வெட்டிய நாணல் தட்டையைக் காயவிட்டு, பிறகு ஊறவைத்து, உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டி வெங்காயத் தோல் ஆக்குவாள். தட்டையின் வாயை நசுக்கி, அடியை நூலால் இறுக்கிக் கட்டுவாள். எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் அடுப்பில் போட்டுவிடுவாள்.

போன வருடம் பாக்கியரத்தினத்துக்குப் பாரிசவாதம் அடித்தது. கைகால் தேறிவிட்டன. வலப்பக்க உதடு மட்டும் விழுந்தது விழுந்ததுதான். ஊதினால் காற்றுக் கடைவாயால் ஒழுகிப்போகும். மனம் வெறுத்துப் பேச்சையும் விட்டார். ஒருநாள் நாதஸ்வரத்தைத் துணியில் சுற்றி, கோயிலுக்கே கொடுத்துவிடும்படி கையால் காட்டினார்.

புஷ்பவதி கொடுக்கவில்லை. கஞ்சி பருக்கும்போது எந்த இடத்தில் வழிகிறது என்று பார்த்தாள். அவர் உதட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். போய்ப் புதுச் சீவாளி ஒன்றைச் சுரண்டினாள். அவர் ஊத, சத்தம் வராது, திரும்பவும் சுரண்டுவாள். ஒருநாள் என்னைத் தவிலோடு வரச் சொன்னாள். புதிதாகக் கட்டியிருந்த சீவாளியை எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ன தங்கச்சி, கண் பூஞ்சுபோச்சோ? ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் வெளிச்சம் தெரியுது!"

"ஓம் அண்ணை. இவரின்ர வாயும் அப்பிடித்தானே இருக்கு."

நான் தவிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாடி, யாருக்கு வரும் இந்த யோசனை! சீவாளிக்கு வாயைப் பழக்கத்தான் வித்துவான்கள் எல்லோரும் பாடாய்ப்படுவார்கள்.

மெல்லிய பக்கம் விழுந்த உதட்டுக்கு வரும்படி நாதஸ்வரத்தில் பொருத்தி நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ஒருக்கா ஊதுங்கோ. வராட்டி நானே கோயிலில கொண்டுபோய்க் குடுக்கிறன்."

ஊதினார். வெறுங்காற்று. மறுபடி ஊதினார். கீறலாக ஒரு சத்தம் எழும்பி, தடுமாறி, நின்றது. நின்ற இடத்திலிருந்து மோகனம் புறப்பட்டது. முருகா! புஷ்பவதி அவர் இருந்த கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நான் தவிலை மடியில் வைத்தபடி வாய் பிளந்து இருந்தேன்.

பாக்கியரத்தினம் வாசிப்பை நிறுத்தி என்னை முறைத்தார். மாதக்கணக்காகப் பேசாத மனிதர், கோணிய வாயால் உறுமினார்:

"என்ன ஐசே, உமக்குக் கை விழுந்திட்டுதோ? அடியும்!"