பாட்டுக்குள் வந்த பொம்மர்

எண்பதுகளில் வந்த சிந்தசைசர் பாட்டுத் தொகுப்பு ஒன்றைச் சுற்றொலிக்காகப் புதிதாகக் கலந்து, தடித்த பெட்டியில் போட்டுத் திரும்ப விற்கிறார்கள். வாங்கிவிட்டேன். கனடாவில் அஜக்ஸ் நகரிலிருந்து அக்காவையும் கூப்பிட்டு, மார்க்கம் நகரில் என் வீட்டு பேஸ்மென்டில் ஐந்து ஸ்பீக்கரிலும் ஓடவிட்டேன். முதல் பாட்டின் நடுவில் தாழ்ந்த உறுமல் ஒன்று வரும். அது நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி அக்கா மிதிப்பாள். டைனமோவிலிருந்து வயர் இழுத்தால் ரேப் ரெக்கோர்டரில் இதே தொகுப்பின் கசெற் பாடும். அவள் களைத்தால் பாடகனும் களைப்பான். அறையெல்லாம் டயர் ரப்பர் சூடேறிய மணம். அந்த உறுமல் தொடங்கியதும் குசினி அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார்.

"பொம்மர் வருகுது! நிப்பாட்டடி!"

அக்கா காலை எடுப்பாள். பாட்டு இழுபட்டுச் சாகும். குண்டு போடும் விமானம் வருகிறதா என்று மூவரும் வானத்துக்குக் காதைக் கொடுத்து நிற்போம். ஒன்றும் இராது.

"அது பாட்டம்மா."

"பாட்டெண்டால் ஏனடி உப்பிடி உறுமுது?"

ஒருநாள் அக்கா காலை எடுத்த பிறகும் அது உறுமிக்கொண்டேயிருந்தது. வளவில் வெட்டிய பங்கருக்குள் ஓடினோம். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டைக் காணவில்லை. அதன்பிறகு அந்தக் கசெற்றை யாரும் தொடவில்லை.

இப்போது உறுமல் பின்சுவரில் கிளம்பி எங்கள் தலைக்கு மேலால் வந்தது. சோபாவில் இருந்தபடி தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அக்காவின் கால் சட்டென்று நின்றது.

பாட்டு நிற்கவில்லை.