இறங்கிய டிகிரி

2006 ஏப்ரலில் எங்கள் சமையலறை மூலையில் ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடி இருந்தது. ஒரு பங்கு தேன், மூன்று பங்கு நல்ல தண்ணீர், அரை ஸ்பூன் பேக்கரி ஈஸ்ட். பெரிய முதலியார்சாவடியில் தேன் விற்பவர் சொன்ன செய்முறை. தேனில் மது செய்யலாம் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"குடிய விட்டு நாலு மாசம் ஆன ஆளு இருக்கற வீட்டுல இது தேவையாங்க?" என்றாள் மனைவி. அவள் தம்பியைச் சொன்னாள். சிகிச்சை முடிந்து எங்களோடு தங்கி, நான் மேற்பார்வை பார்த்த உப்பளத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தான். ஜாடியை அவன் ஏறிட்டும் பார்த்ததில்லை.

உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியை அறிய, டிகிரி குறித்த கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவோம். வெயிலில் டிகிரி ஏறும். இருபத்தைந்தை எட்டினால் பாத்தியில் உப்பு விழும். இறங்கினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: வேறு தண்ணீர் கலந்துவிட்டது.

அப்படி ஒரு குழாயைக் கழுவி ஜாடிக்குள் விட்டேன். முதல் நாள் பதிமூன்று. மூன்றாம் நாள் பன்னிரண்டு. ஆறாம் நாள் ஒன்பது. எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஜாடியின் வெளியே நான் போட்ட கோட்டைவிட்டு மட்டம் மட்டும் குறையவில்லை. குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அப்படித்தானே இருக்கும்? காரணமில்லாமல் மத்தியானங்களில் வீட்டுக்கு வந்தேன். அவன் குடித்து வைத்த டம்ளரை முகர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் ஆறு. மாலையில் அவன் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"ஏம்பா, ஜாடியில தண்ணி ஊத்தினியா?"

"நான் ஏன் மாமா ஊத்தப்போறேன்?"

"பதிமூணு இருந்தது ஆறுக்கு வந்துடுச்சி. தானா இறங்குமா?"

அவன் சிரித்தான். "என்னையும் பாத்தின்னு நெனச்சிட்டீங்களா? வேணும்னா என் வாயில விட்டு டிகிரி பாருங்க."

நான் சிரிக்கவில்லை. அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவி, எக்கியார்குப்பத்தில் இருந்த கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தேன்காரரிடம் போய் நோட்டைக் காட்டினேன்.

"இறங்கலன்னாதான் சார் கெட்டுப்போச்சி. இனிப்பு சரக்கா மாறுது இல்ல, அதான் இறங்குது."

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இந்நேரம் அவன் குடித்திருந்தால்?

நேராக உப்பளத்துக்குப் போனேன். அவன் உப்பு வாரிக்கொண்டிருந்தான். பேசுவதற்கு முன்பே, என்னையறியாமல் அவன் முகத்தருகே குனிந்துவிட்டேன்.

"குடிக்கல மாமா."

"தெரியும்பா. அது தானா இறங்குமாம். தப்பு என்னுதுதான்."

"தெரிஞ்சும் மோந்து பார்க்கறீங்களே."

வீட்டுக்குப் போய் ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தேன். நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து அவன் வந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது என்னிடமிருந்து எட்டி, சுவரோரமாக உட்கார்ந்தான்.