வாபஸ் வாங்கின சாட்சி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து வரும் பஸ் எங்கள் விழுப்புரம் பள்ளிக்கூட வாசலில் நின்றது. அங்கே ஸ்டாப்பிங்கே கிடையாது. கண்டக்டர் நம் சபைப் பையன்தான். பிரயாணிகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இறங்கி நேராக என் வகுப்புக்கு வந்தான். "டீச்சர், சற்குணம் அம்மா விடியக்காலம் போய்ட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம்" என்றான். ஹெட்மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக்கூடக் கழுவாமல் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினேன்.

சற்குணம் அக்காவை, இதை வாசிக்கும் சபையாரில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் திண்டிவனம் சபையில் வேதாகம ஊழியக்காரியாக இருந்தவர். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவதுதான் வேலை. வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, மழையோ வெயிலோ கக்கத்தில் விரிக்காத குடை. பாட்டு சுத்தமாக வராது. ஆனால் கீர்த்தனை ஆரம்பித்தால் முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும், நாங்கள் எல்லாரும் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, என்றால் உயிர். பிரசங்கம் நீண்டால் அவர் உட்கார்ந்திருக்கும் பாயின் ஓரத்தில் தோல் குவியும். ஒருநாள் நான் கண்டித்ததற்கு, "நான் இன்னா சத்தம் போட்டா தின்றேன்? ஐயாதான் சத்தம் போட்றாரு" என்றார்.

அப்படிப்பட்டவர் என்னிடம் ஒரு தப்புப் பண்ணினார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ, எனக்கு வருஷம் சரியாக நிற்கவில்லை. திண்டிவனத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை, மகளுக்கு இரண்டு வயது. எந்தக் குறையும் இல்லை. அதுதான் பெரிய பேஜாராகப் போயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்தபோது நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தமாதிரி இருந்தது. அது அன்றைக்கும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. தூக்கம் போயிற்று. சோற்றைப் பார்த்தால் குமட்டல். பிள்ளை அழுதால் எங்கேயோ தூரத்தில் யாரோ அழுவதுபோலக் கேட்கும். "உனுக்கு இன்னா கொறைச்சல்?" என்று மாமியார் கேட்டார். அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறைந்திருக்கிற பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை செய் என்றார்கள் சிலர். மூன்று நாள் உபவாசம் இரு என்றார்கள் சிலர். சாப்பிடவே முடியாதவளுக்கு உபவாசம்! இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அக்கா தினமும் மத்தியானம் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பார், ஜெபிப்பார், போய்விடுவார். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் எனக்கு மூன்று இரவு சேர்ந்தாற்போல் தூக்கம் வந்தது. ஒரு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று பண்டிகையில் எல்லார் முன்பும் எழுந்து சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். சொல்லாமல் வைத்துக்கொள்வது நன்றிகெட்டதனம் என்றார். பண்டிகை அன்று காய்கறியும் கரும்பும் நெல்லும் குவித்திருந்த பீடத்தின் முன் நின்று, கர்த்தர் என் துக்கத்தை எடுத்துப்போட்டார், நான் பூரண சுகம் என்று சொன்னேன். கோயிலே ஸ்தோத்திரம் என்று அதிர்ந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அடுத்து வந்த புதன்கிழமையே அந்தப் பாரம் திரும்பி வந்தது. முன்னைவிடக் கனமாக.

நம் சபையாருக்கு மட்டும்தான் இந்தப் பயம் புரியும். அப்போஸ்தலருக்கு முன்பாகப் பொய் சொன்ன அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்ததை ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது பீடத்தின் முன் பொய் சொன்னவள் நான். சுகமில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் என்னால் கர்த்தருக்கும் அவமானம், அக்காவுக்கும் அவமானம். ஆகவே சிரித்தேன். பவுடர் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சிரித்தேன். அக்கா வந்தால், வேலை இருக்கிறது என்று வாசலோடு அனுப்பினேன். ஆறு வாரம் இப்படியே ஓடியது. ஏழாம் வாரம் ஒரு முற்பகல், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். இனி நான் இருக்க வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் என் மகளைப் பார்த்துவிட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். திறக்கிறவரைக்கும் தட்டினார். என் முகத்தையும் அணைந்த அடுப்பையும் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேப்பை மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, நான் செத்தால் போதும் என்றபோது கர்த்தர் திட்டவில்லை, முதலில் தூங்கவிட்டார், அப்புறம் தின்ன அடை அனுப்பினார், மற்றதெல்லாம் அதற்கு மேல்தான் பேசினார் என்று கூழைக் கிண்டிக்கொண்டே சொன்னார். அரை டம்ளர் குடித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பொய்ச் சாட்சி உள்பட.

அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீ பொய் சொல்லல லில்லி. பழுக்கும் முன்னாடி பறிச்சது நான்தான். தப்பு என்னுது. நீ செத்துப்போயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வேதத்தத் திறப்பேன்?" என்றார். என் கணவர் வரும்வரை நகரவில்லை. வந்ததும், இவளைத் தனியாக விடக்கூடாது, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம் என்று அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்று ஒரு அம்மாள் ஆரம்பித்தபோது, சுவிசேஷம் எழுதின லூக்கா எந்தக் கடை வைத்துப் பிழைத்தார் என்று நினைக்கிறீர்கள், அவர் வைத்தியர்தானே என்று அக்கா ஒரே போடாகப் போட்டார்.

ஆனால் சாட்சி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை என்ன செய்வது? என்னிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார். போதகர் ஐயாவும் இருந்தார். பண்டிகையில் லில்லி சொன்ன சாட்சியை நான் வாபஸ் வாங்குகிறேன் என்றார். என் பெருமைக்காக அவளை அவசரப்படுத்தினேன், அவளுக்கு இன்னும் சுகமில்லை என்றார். அதோடு விடவில்லை. தன் புருஷன் போனபிறகு இரண்டு வருஷம் தனக்கும் இதே இருட்டு இருந்ததாகவும், ஊழியக்காரி அழக்கூடாது என்று மறைத்துக்கொண்டே ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லித் திரிந்ததாகவும் சொன்னார். அப்புறம் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முழுசாக வாசித்தார். அதைப் படித்திருக்கிறீர்களா? இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. "கடைசி வரிக்கும் விடியல. அப்படியும் கர்த்தர் இத வேதத்துல வச்சிக்கினுதான் இருக்காரு. இதுவும் சாட்சிதான்" என்றார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சபையைக் குழப்பினதற்காக மூன்று மாதம் கூட்டங்களில் பேசக்கூடாது என்று கமிட்டி அக்காவின் வாயைக் கட்டியது. எனக்காகத்தானே என்று நான் குமைந்தேன். நின்று நின்று கால் வலித்தது, நல்லதாய்ப் போயிற்று என்றார் அவர். அந்த மூன்று மாதத்தில்தான் பெண்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் கம்பவுண்டர் மனைவி. அப்புறம் ஒரு நர்ஸ். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே கொல்லைப்புறக் கதவு வழியாகப் போதகர் ஐயாவின் மனைவி வந்தார். அக்கா யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை. ஒரு சங்கீதம் வாசிப்பார், அவர்களைப் பேசவிடுவார், போகும்போது கையில் மல்லாட்டை கொடுத்தனுப்புவார். எனக்குத் தேற ஒன்றரை வருஷம் ஆனது. அதுவும் ஒரேயடியாக அல்ல, வந்தும் போயும்தான்.

அடக்க ஆராதனைக்கு வருகிறேன். இப்போதிருக்கும் போதகர் சின்ன வயசுக்காரர், நல்லவர், அக்காவைக் கடைசி இரண்டு வருஷம்தான் அறிவார். கவலை என்பதே அறியாத தாயார், ஒருநாளும் கண்ணீர் விடாதவர் என்று பேசினார். பலரும் ஆமென் என்றார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியை இப்படியா மண்ணுக்குள் அனுப்புவது? யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றேன். அக்கா அழுதார், நான் பார்த்தேன் என்றேன். அந்தப் பழைய கூட்டத்தைச் சொன்னேன். வாய் அதோடு நிற்கவில்லை. "எனக்கு ரெண்டு மாசமா மறுபடியும் நல்லா இல்லை. மாத்திரை போட்டுக்கினுதான் இங்க நிக்கிறேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கல்லறைத் தோட்ட வாசலில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். முகையூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவளாம், முன்பின் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நான் போன மாசம் எங்க சபையில பூரண சுகம்னு சாட்சி சொன்னேங்க" என்றாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, சுகமில்லாதபோது சுகமில்லை என்று சபை நடுவே சொல்லும் தைரியம் ஒன்றுதான். விழுப்புரம் பஸ் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு, அவளோடு கல்லறைத் தோட்டத்து மதிற்சுவர் ஓரம் உட்கார்ந்தேன்.