பவானிபூர் வானில் செவ்வாய்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று மாலை எங்கள் பவானிபூர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான் செவ்வாய்க் கிரகத்தைக் கண்டுபிடித்தேன்.

ஒரு கிரகத்தைச் சரியாகக் காட்டினால் தன் டெலஸ்கோப்பை ஒரு வாரம் தருவதாக மேல்வீட்டு வித்யா அக்கா சொல்லியிருந்தாள்.

"அதோ பாருக்கா, செவப்பா இருக்கு, மின்னவே இல்ல. நட்சத்திரம்னா மின்னும். இது கிரகமேதான்."

"அப்ப ஏன்டா இவ்ளோ நேரமா நகரவே இல்ல?"

"பவானிபூர் டிராஃபிக்ல மாட்டியிருக்கும்."

அப்போது நாங்கள் காக்கு என்று கூப்பிடும் எதிர்வீட்டு மாமா பல்பு மாற்றத் தன் மாடிக்கு வந்து ஒரு கயிற்றை இழுத்தார். செவ்வாய் மெதுவாகக் கீழே இறங்கியது.

அது வங்காளிகள் கார்த்திக் மாதத்தில் முன்னோருக்கு வழிகாட்ட மூங்கில் உச்சியில் ஏற்றும் ஆகாஷ் பிரதீப் விளக்கு!

"முன்னோர்களாவது வழி கண்டுபிடிக்கட்டும்டா" என்று அக்கா டெலஸ்கோப்போடு இறங்கிப் போய்விட்டாள்.

யாரிடமாவது டெலஸ்கோப் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நேற்று அந்த மூங்கிலை நிறுத்தும்போது அடியில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான் என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.