கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா

எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கக் கால்பந்து வந்தது ஒரு பிறந்தநாள் கேக்கின் பின்னால்தான்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சிட்னியின் மேற்கே டூங்கபியில் வாடகை வீடொன்றில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் கணவர், செவன் ஹில்ஸில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவரோடு ஒரே மெஷினில் நின்றவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பை இடையில் விட்ட ஒரு தமிழர். அவரை ஊர்ப் பெயரால் வீட்டுக்குள் நாங்கள் ஈப்போக்காரர் என்றுதான் சொல்வோம். இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருந்தார். காலையில் என் கணவருடைய காரில்தான் இருவரும் வேலைக்குப் போவார்கள்.

நியூ ஜெர்சியில் இருந்த என் தம்பி, மகளின் முதலாவது பிறந்தநாளை வீடியோவில் எடுத்து அனுப்பியிருந்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டோம். எதற்கோ வந்த ஈப்போக்காரரும் மரியாதைக்காக உட்கார்ந்தார். அமெரிக்கக் கசெற் எங்கள் வீடியோ டெக்கில் ஒழுங்காக ஓடாது. நிறம் வராது. ஒரு கறுப்புப் பட்டை கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆனாலும் குழந்தையின் முகம் தெரிந்தது. குழந்தை கேக்குக்குள் கையை விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த கணம் தலைக்கவசம் போட்ட இருபது பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"அமெரிக்காவிலை பிறந்தநாளுக்கு இப்பிடியும் செய்யிறவையோ?" என்று என் கணவர் கேட்டார்.

பழைய கசெற் ஒன்றின் மேலேயே தம்பி பிறந்தநாளைப் பதிந்திருக்கிறான். பிறந்தநாள் முடிந்த இடத்தில், முன்பு அதிலிருந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் அப்படியே மிஞ்சியிருந்தது. நான் எழுந்து நிறுத்தப் போனேன். "கொஞ்சம் இரும், என்ன நடக்குதெண்டு பாப்பம்" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரைப் பல மாதம் நொந்திருக்கிறேன்.

ஒரு பக்கம் கடும் நிறச் சட்டை, மறுபக்கம் வெள்ளை. கடும் நிறம் தான் படித்த கல்லூரியின் நிறம் என்று இவர் அந்தப் பக்கம் சேர்ந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்தக் கல்லூரியின் நிறமும் அதுதான். ஈப்போக்காரர் வெள்ளைக்குப் போனார். கடைசி நிமிடத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மைதானத்தின் மூலையில் துள்ளிப் பந்தைப் பிடித்து, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தான். வரிச்சட்டை போட்ட நடுவர் ஒருவர் பிடி சரி என்பதுபோல் இரண்டு கையையும் உயர்த்தினார். இன்னொருவர் இல்லை இல்லை என்று கையை வீசினார். நடுவர்கள் எல்லோரும் கூடி, தலையோடு தலை முட்டிப் பேசினார்கள். அத்தோடு கசெற் முடிந்துவிட்டது.

"ஐயோ, என்னாண்ணே ஆச்சு?" என்று ஈப்போக்காரர் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டினார்.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தோம். தான் அந்த ஆட்டமே பார்ப்பதில்லை என்றான். "அந்தக் கசெற் இந்த வீட்டிலை முன்னம் இருந்தவன் விட்டிட்டுப் போனது, அக்கா. பிள்ளை வடிவாத் தெரியிறாளோ?" என்று கேட்டான்.

பிள்ளையை யார் பார்த்தார்கள்? அடுத்த நாலு மாதமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பத்து நிமிடம்தான் ஓடியது. பிடித்த பிறகு எல்லையைத் தொட்டால் அது பிடியே இல்லை என்று இவர் கிரிக்கெட் சட்டம் பேசினார். ஈப்போக்காரர் பாட்மின்டன் ஆடி வளர்ந்தவர். "கோட்டுல விழுந்தா உள்ளதாண்ணே! சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும்லா" என்பார். கையை வீசிய நடுவருக்குக் கண் தெரியாது என்பார் ஒருவர். கையை உயர்த்தியவர் காசு வாங்கியிருக்கிறார் என்பார் மற்றவர். தொழிற்சாலையில் வெள்ளைக்கார மேற்பார்வையாளரிடமும் கேட்டார்களாம். அது கால்பந்தே இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை ஈப்போக்காரரும் இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர்த் தகடு. சைக்கிளில் வீடு வீடாக வந்து தங்கள் மதத்தைச் சொல்லும் இரண்டு வாலிபர்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை. இப்படி யாராவது வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை என்று என்னைச் சொல்லவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பதுதான் இவருடைய வழக்கம். அன்றைக்கு அவர்களுடைய பேச்சின் ராகம் காதில் விழுந்ததும் வெளியே ஓடி வந்தார்.

"நீங்கள் அமெரிக்காவோ?"

ஆம் என்றார்கள். இருவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து கதிரையில் இருத்தினார். இவ்வளவு வரவேற்பு இந்த நாட்டில் தங்களுக்கு எங்கும் கிடைத்ததில்லை என்று நெட்டையர் நெகிழ்ந்துபோய்ப் புத்தகத்தைத் திறந்தார். இவர் கசெற்றைப் போட்டார்.

இரண்டு பேரும் துள்ளி எழுந்து சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊழியம் செய்யும் இரண்டு வருடமும் தாங்கள் தொலைக்காட்சி பார்க்கக்கூடாது என்றார் குட்டையர். அந்தச் சுவரில் எங்கள் முருகன் கலண்டர் தொங்கியது. இருவரும் முருகனையே பார்த்தபடி நின்றார்கள்.

"பாக்க வேண்டாம். கேளுங்கோ," என்று இவர் சத்தத்தைக் கூட்டினார்.

வர்ணனை ஓடியது. குட்டையரின் காது மெல்லச் சிவந்தது. "இந்த ஆட்டம் எனக்குத் தெரியும். அப்பாவோடு பார்த்தேன். பிடி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாங்கள் வென்றோம்," என்றார், முருகனிடம்.

இவர் கதிரையில் ஏறி நின்று கை தட்டினார். ஈப்போக்காரர் தலையில் கை வைத்தார். அப்போது நெட்டையர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அது நல்ல பிடி. உலகத்துக்கே தெரியும்," என்றார். அவர் மற்ற ஊர்க்காரர். ஆறு மாதமாக ஒன்றாகச் சைக்கிள் ஓட்டியும் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை போலிருக்கிறது. முகத்தைத் திருப்பாமலே சண்டை தொடங்கினார்கள். பந்தைப் பிடித்தவனுடைய இரண்டு பாதமும் உள்ளே பட்டிருக்க வேண்டும், கோட்டில் பட்டாலே வெளியேதான், அதுதான் சட்டம் என்று அந்தச் சண்டையிலிருந்துதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அந்தக் கடும் நிறம் செம்மஞ்சள் என்பதும் தெரிய வந்தது. இவருடைய கல்லூரிக்கு அப்படி ஒரு நிறமே கிடையாது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு மாதமாக இவர்கள் பார்த்ததெல்லாம் கையைத்தான். காலை ஒருவரும் பார்க்கவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தோம். கால் நிலத்தில் படும் அந்தக் கணத்தில் கறுப்புப் பட்டை சரியாகப் பாதத்தின் மேல் ஏறியது. பத்துத் தரம் ஓட்டினாலும் அப்படியேதான்.

"அப்ப செஞ்சு பாத்துருவோம்ணே," என்றார் ஈப்போக்காரர்.

நாலு பேரும் பின்வளவுக்குப் போனார்கள். குசினியிலிருந்து என் அரிசிமாவை எடுத்துப் போய்ப் புல்லில் நீட்டுக்குக் கோடு போட்டார் இவர். பந்து இல்லை. வறை சமைக்கவென்று நான் வாங்கி வைத்திருந்த வாழைப்பூப் பொத்தியைக் குட்டையர் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, அளவு சரி என்றார். நெட்டையர் எறிவது, ஈப்போக்காரர் பிடிப்பது, இவர் தடுப்பது, குட்டையர் நடுவர் என்று முடிவானது. தொலைக்காட்சிக்குத்தான் தடை, வாழைப்பொத்திக்கு அல்ல என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள்.

முதல் பிடி வெளியே என்றார் குட்டையர். உள்ளே என்று கத்தினார் நெட்டையர். புல்லில் குனிந்து மாவில் பதிந்த அடியைப் பார்த்தார்கள். அது என் கணவருடைய செருப்புத் தடம். இரண்டாவது தரம் பொத்தியின் மடல்கள் காற்றில் பறந்தன. மூன்றாவது தரம் ஈப்போக்காரர் துள்ள, இவர் அவர்மேல் பாய, நெட்டையரும் ஏனோ ஓடி வந்து விழ, மூன்று பேரும் என் கறிவேப்பிலைக் கன்றின் மேல் கிடந்தார்கள். இரண்டு குளிர்காலம் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றிய கன்று அது. அன்றைய சிட்னியில் ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கு எங்கெல்லாம் அலைந்திருக்கிறேன்! என் கையில் பாத்திரம் துடைக்கும் மஞ்சள் துணி இருந்தது. ஆத்திரத்தில் அதைச் சுழற்றி அவர்கள் நடுவே எறிந்தேன்.

அமெரிக்கர்கள் இருவரும் அப்படியே உறைந்தார்கள். அவர்கள் ஆட்டத்தில் தவறு நடந்தால் நடுவர் எறிவது மஞ்சள் துணிதானாம். கசெற்றில் நிறம் இல்லாததால் அது எனக்கு எப்படித் தெரியும்? குட்டையர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "யார்மேல் குற்றம், மேம்?"

"மூண்டு பேரிலையும்," என்றேன்.

மூன்று பேரும் மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பினேன். அவர்களுடைய விதிப்படி இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியக்கூடாது. அதனால் வீதியின் ஒரே ஓரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பார்த்தபடி போனார்கள். பிறகு அவர்கள் வரவில்லை.

எங்கள் வீட்டுச் சண்டைதான் அன்றிலிருந்து பெரிதானது. நாலு மாதமாக நடுவர்களை மடையர்கள் என்று திட்டிய இவர், தீர்ப்புத் தன் பக்கம் என்று தெரிந்ததும், "நடுவர் சொன்னால் சொன்னதுதான்" என்று சொல்லத் தொடங்கினார். அநியாயத்துக்குக் கை தட்டுகிறவரோடு தனக்குப் பேச்சு இல்லை என்றார் ஈப்போக்காரர். ஆனால் கார் ஒன்றுதான். இரண்டு கிழமை ஒரு சொல் பேசாமல் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் ஈப்போக்காரருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். இவர் பக்கத்திலேயே நிற்பார்.

"நாளைக்கு ஆறரைக்கு வெளிக்கிடவேணும் எண்டு சொல்லும்."

"சரின்னு அண்ணன்கிட்ட சொல்லுங்கக்கா," என்பார் அந்தப் பக்கத்திலிருந்து. அதை இவர் காது நேரடியாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கிழமை, நிறுத்தக் கோடு போட்டிருந்த சந்தி ஒன்றில் பொலிஸ் இவர்களை மறித்தது. இவர் நிற்காமல் கோட்டைத் தாண்டிக் காரை உருட்டினாராம். சீருடையைக் கண்டால் இவருக்கு வாய் வராது. ஊரில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் ஸ்ரியரிங்கில் கை வைத்தபடி உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். அன்றும் அப்படியே இருந்திருக்கிறார். பொலிஸ்காரர் இரண்டு தரம் கேட்டும் பதில் இல்லை. ஈப்போக்காரர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அண்ணன் நிறுத்தினார், சக்கரம் முழுக்கக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் வாதாடினாராம். உள்ளே உட்கார்ந்துகொண்டு சக்கரத்தை எப்படிப் பார்த்தாய் என்று பொலிஸ்காரர் கேட்டிருக்கிறார். அதற்கு ஈப்போக்காரர், நீங்கள் நின்ற கோணமே பிழை, அங்கிருந்து பார்த்தால் எந்த நடுவருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

தண்டப்பணத் துண்டு கிடைத்தது. ஆனால் செவன் ஹில்ஸ் போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஒரே குரலில் அந்தப் பொலிஸ்காரரைத் திட்டத் தொடங்கியிருந்தார்கள். அன்று மாலை ஈப்போக்காரர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு இவருக்கு நேராகவே பேசினார். எனக்கு இருந்த ஆறுதலைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை இருவரும் அளவு நாடாவோடு அந்தச் சந்திக்குப் புறப்பட்டார்கள். ஒரு முனையைப் பிடிக்க நானும் போக வேண்டியிருந்தது. கார்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, சக்கரம் நின்றதாக இருவரும் ஒத்துக்கொண்ட இடத்திலிருந்து கோடு வரைக்கும் அளந்தோம். ஒன்றரை அடி வெளியே. திரும்ப அளந்தோம். அதே ஒன்றரை அடி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இவர் இடுப்பில் கை வைத்து வீதியை மேலும் கீழும் நோக்கிவிட்டு, கோட்டைத்தான் பிழையான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"ஆமாண்ணே, நானும் அதான் நெனச்சேன்," என்றார் ஈப்போக்காரர்.