நாலாவது தோள்

எங்கள் ஊரில் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடு என்னுடையது ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் கட்டியது. நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து, வெல்டிங் கற்று, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் இருந்தபடி பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரில் இதைக் கட்டினேன். மாடியில் நின்றால் சுரங்கத்து மண்மேடு தெரியும். வேறு எதுவும் தெரியாது. தெருவில் ஆள் நடந்தால்தானே? வாலிபர்கள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். அவ்வளவு தூரம் போகாதவர்கள் பக்கத்து டவுனான மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மிச்சமுள்ள ஆண்களில் நான்தான் இளைஞன். வயது அறுபத்தாறு.

என் மனைவி ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். எனக்கும் ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான்தான் போக முடியாமல் இருக்கிறேன். காரணம் என் வாய்.

பெரியப்பா இறந்தபோது, பாடை தூக்க ஆள் போதாது என்று அவர் மகன் ஒரு சவ வண்டியை வரவழைத்தான். வாசலில் பாடையைத் தூக்கும் முதல் நான்கு தோளும் ஊர்க்காரர் தோளாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். தெருமுனை தாண்டினால் வெளியூர் உறவுக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரைவரைத் திருப்பி அனுப்பினேன். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் சொன்னேன்:

“நான் இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல எவரும் வண்டியில போவ மாட்டாங்க. இது இரும்பு தூக்கின தோளு!”

அன்று யாரும் கைதட்டவில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

இன்றைக்குத் தூக்கத் தெம்புள்ளவர்கள் ஊரில் என்னையும் சேர்த்து நான்கே பேர். மற்ற மூவரும் என்னைவிட மூத்தவர்கள். நான் பையோடு தெருவில் இறங்கினாலே பெரியம்மாவின் குரல் வரும். பெரியப்பாவின் மனைவி. படுத்த படுக்கை, காது மட்டும் கூர்மை.

“யாருடா அது, பையத் தூக்கிகினு?”

“பண்ருட்டிக்குத்தான் பெரிம்மா. மாத்திர வாங்கணும்.”

“சாய்ங்காலத்துக்குள்ள வந்துடு. நான் எப்பப் போவேன்னு எனக்கே தெரியாது.”

எத்தனையோ இக்கட்டிலிருந்து வெளியே வந்தவன் நான். இதற்கும் வழி கண்டேன். பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் நான்கு சக்கரமும் வாங்கி, பாடை வைக்கும் அளவுக்கு ஒரு தள்ளுவண்டி பற்றவைத்தேன். ஒரு கையால் தள்ளலாம். எஞ்சினியர் செய்தாலும் அப்படி வராது. பெரியம்மா வீட்டு வாசலுக்கே தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

“இன்னாடா இது?”

“ரெண்டு ஆளு போதும் பெரிம்மா. அலுங்காம போவும்.”

“நான் இன்னா நிலக்கரியா, தள்ளிகினு போய்க் கொட்டறதுக்கு? அன்னிக்கு வண்டி வேணாம்னு கத்துனது யாரு? உங்க பெரியப்பாவுக்குத் தோளு, எனக்குச் சக்கரமா?”

நான்கு பேரில் ஒருவரான மாட்டுக்கார அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். “தம்பி, ஹாரன் வெக்க மறந்துட்டியா?” என்றார். சிரித்து முடித்ததும் என் தோளைத் தட்டினார். “எனக்கும் சேத்துத்தான்யா சொல்றேன். சக்கரம் வேணாம்.”

சூப்பர்வைசர்களையே வாயடைக்க வைத்தவன் நான். அன்று வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

வண்டி இப்போது பலாப்பழம் ஏற்ற உதவுகிறது. நேற்றுத் தோப்பிலிருந்து பெரிய பழமொன்றைத் தள்ளிவந்து அறுத்து, பெரியம்மாவுக்குக் கொஞ்சம் சுளை கொடுத்தேன். கேட்டு வாங்கி இன்னும் இரண்டு தின்றார்.

மனைவி போனில் வந்தாள். அங்கே மழையா, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“பெரியம்மா எப்படி இருக்காங்க?”

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

“நல்லா சாப்பிடறாங்க” என்றேன்.

“சரி. நல்லா இருக்கட்டும்” என்றாள். இருவருமே போனை வைக்கவில்லை.