சிவந்த கன்னத்தைப் பாராட்டியவர்களுக்கு

ஐம்பத்தாறாம் வருஷம், எனக்குப் பதினாலு வயது. கொடைக்கானல் மிஷன் பள்ளி விடுதியில் ஒரு நாள் காலையில் என்னால் பாவாடை நாடாவை முடிச்சுப் போட முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில் பெண் கட்டிவிட்டாள். மறுநாளும் கட்டிவிட்டாள். மூன்றாம் நாள் அவளுக்கு அலுத்துவிட்டது.

வார்டன் அம்மாவிடம் சொன்னேன். "குளிருதான். வெயில் காய்ஞ்சா சரியாப் போகும்," என்றார். அந்த மலையில் எல்லா நோவுக்கும் அதுதான் மருந்து. தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை விடுதி வாசல் கல் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்தன.

அதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சிவந்த கன்னம் என்றால் மலைக்காற்று உடம்பில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த அப்பா, வத்தலக்குண்டு வழியாகப் பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தார். "ஆப்பிளு மாதிரி இருக்கியே தாயி," என்றார். அன்றைக்கே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுகிற காலம். கன்னத்துக்குக் கூடுதலாகச் சிவப்புப் போடச் சொன்னார். அந்தப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டினார்.

எழுதும்போதே எரிகிறது. காய்ச்சலில் கிடந்த பெண்ணை ஜோடித்துப் படம் பிடித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. பெஞ்சுக்குப் போகமாட்டேன் என்று அழுதேன். பள்ளியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் போனது: அடம், சோம்பல், நடிப்பு. மூட்டு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த மூன்றாவது வார்த்தையைப் பொறுக்க முடியவில்லை. சில நாளில், உண்மையிலேயே நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் அந்தப் பெஞ்சிலேயே மயங்கி விழுந்தேன். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இது லூபஸ் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) என்றார். "இந்தப் பொண்ணு வெயில்ல நிக்கவே கூடாதுங்க," என்றார். அப்பாவிடம்தான் சொன்னார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். வலி அடங்கியது. ஆனால் மூன்று மாதத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. படிப்பு நின்று பழனி வீட்டுக்கு வந்துவிட்டேன். உறவுக்காரர்கள் வந்தால் அம்மா என்னை அடுப்படிக்குள் போகச் சொல்வாள். கடையில் ஊரே பார்க்கும்படி படம் தொங்கியது. நான் உள்ளே இருந்தேன்.

ஒருநாள் அம்மாவிடம், "எனக்கு இருக்கவே புடிக்கலம்மா," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "அச்சானியமாப் பேசாத. வெரசாச் சரியாயிரும். முருகன் பாத்துக்குவாரு." நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பயந்துவிட்டாள், பாவம். ஆனால் நானும்தான் பயந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாத்திரையை விழுங்குவதுபோல் காட்டிவிட்டுக் கொல்லையில் துப்பினேன். பழைய முகம் வேண்டும், அவ்வளவுதான். இதே நோயோடு இதைப் படிக்கிற பிள்ளைகளே, அப்படிச் செய்யாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எட்டாம் நாள் நினைவு தப்பியது. மறுபடியும் மதுரைக்குத் தூக்கிப் போனார்கள்.

கண் விழித்தபோது அதே டாக்டர் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களே, புத்தி வேண்டாமா? ஏன் இப்படிப் பண்ணுச்சு?"

"தெரியலீங்க டாக்டர். சின்னப் புள்ளைங்க," என்றார் அப்பா.

"நான் இங்கதான கெடக்கேன். என்னையக் கேளுங்க," என்றேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, "சொல்லும்மா," என்றார். முகம், அடுப்படி, நடிப்பு என்ற வார்த்தை, இருக்கப் பிடிக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. மருந்தின் அளவை மெதுவாகக் குறைக்கலாம், முகமும் மெதுவாக வடியும் என்றார். கன்னச் சிவப்பே நோயின் அடையாளம்தான் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இனி மாதாமாதம் முதலில் பத்து நிமிஷம் என்னோடு தனியாகப் பேசுவது, அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை என்று முடிவு செய்தார்.

என் மனசுக்குக் கிடைத்த வைத்தியம் அந்தப் பத்து நிமிஷம்தான். அதனால்தான் பிழைத்தேன். அதற்கு நான் சாகக் கிடக்க வேண்டியிருந்ததைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பெற்றவர்களே, பள்ளிக்காரர்களே, ஒரு பிள்ளையைப் பெஞ்சுக்கு இழுத்துப்போகத் தெரிந்த உங்களுக்கு, கதவைச் சாத்திவிட்டு ஏன் என்று கேட்க என்ன கேடு?

கன்னச் சிவப்பு விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று வீம்பாக இருந்தேன்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். மடங்கினால்தான் அன்றைய வேலையைப் பற்றி யோசிப்பேன். வெளி வேலையெல்லாம் ஒன்பது மணிக்குள், இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு. நடுப்பகல் என்பது எனக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம்.

போன மாதம் கடைக்கு வெள்ளையடித்தார்கள். அப்பா படத்தை இறக்கித் துண்டால் துடைத்தார். "அப்ப எம்புட்டு அழகா இருந்த தாயி," என்றார்.

"அந்தச் செவப்புதான்ப்பா நோய்," என்றேன்.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சாமிர்தம் கேட்டு ஒருவர் வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது எடுக்கையில ஒனக்கு வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாப்பா. நிக்கவே முடியல. நீங்க சிரிக்கச் சொன்னீங்க."